நடுச்சுவரில் எதை ஒட்டினால் சத்தம் நிற்கும்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் செமி வீடு (ஒரே நடுச்சுவரைப் பகிரும் இரட்டை வீடு) எங்களுடையது. பக்கத்து வீட்டு டிவியில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. கடையில் ஒரு மூன்றடுக்கு ஷீட் காட்டினார்கள். இரண்டு பக்கமும் ஃபோம், நடுவில் கனமான வினைல், சதுர மீட்டருக்கு 5 கிலோ. நடுச்சுவரில் ஒட்டினாலே சத்தம் பாதியாகிவிடுமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஷீட்டைக் குறை சொல்லவில்லை, அதற்கு உங்கள் சுவரில் வேலை இல்லை, அவ்வளவுதான்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். சத்தத்தைத் தடுப்பது முதலில் எடை. ஒரு சுவரின் எடை இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். ஒற்றைச் செங்கல் சுவர், பூச்சோடு சேர்த்து, சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் வரும். அதன்மேல் 5 கிலோ ஒட்டினால் கால் டெசிபல்கூடத் தேறாது. சத்தம் பாதியானது போல் காதுக்குத் தோன்றவே சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். இதே ஷீட்டை உள்ளே வெற்றிடமாக இருக்கும் மெல்லிய கதவிலோ பலகைத் தடுப்பிலோ ஒட்டினால் பலன் தெரியும், ஏனென்றால் அங்கே இருக்கிற எடையே கொஞ்சம். ஃபோம் அடுக்கு உங்கள் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குடிக்கும். பக்கத்து வீட்டுக் குரலுக்கு அது வாசல் மாதிரி.

பணம் செலவழிக்கும் முன் ஒரு டார்ச்சோடு சீலிங்குக்கு மேலே ஏறிப் பாருங்கள். பழைய செமி வீடுகள் சிலவற்றில் நடுச்சுவர் சீலிங் மட்டத்தோடு நின்றுவிடும், கூரைக்கு அடியில் இரண்டு வீட்டுக்கும் ஒரே வெளி. அப்படி இருந்தால் சுவரை என்ன செய்தாலும் சத்தம் மேலே ஏறி இறங்கி வரும். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஆகவே முதலில் அந்தத் திறப்பை அடைக்க வேண்டும். நடுச்சுவரில் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாகப் பதித்த பிளக் பெட்டிகளையும் பாருங்கள், அவையும் திறப்பு மாதிரிதான். ஒரு எச்சரிக்கை: கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் துளை போடாதீர்கள், தேய்க்காதீர்கள். அதற்கென்று பதிவு பெற்றவர்களைக் கூப்பிடுங்கள்.

அதற்கும் பிறகு சத்தம் வந்தால் இரண்டாவது சுவர் ஒன்றுதான் வழி. செங்கல் சுவரைத் தொடாமல் ஓர் அங்குலம் தள்ளி இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் கண்ணாடிப் பஞ்சு (கடையில் இளஞ்சிவப்பு உருளையாக வைத்திருப்பார்கள்), அதன்மேல் 15 மில்லிமீட்டர் ரைனோபோர்டு (ஜிப்சம் பலகை) இரண்டு அடுக்கு. முதல் அடுக்கின் இணைப்பும் இரண்டாவதன் இணைப்பும் ஒரே இடத்தில் வரக்கூடாது. ஓரங்களை இறுகிப்போகாத சீலன்டால் அடைக்கச் சொல்லுங்கள். அறையில் ஐந்து அங்குலம் போய்விடும். மேஸ்திரி "கெட்டியா நிக்கட்டும்" என்று சட்டத்தைச் செங்கல் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ அடிக்கப் பார்ப்பார், விடாதீர்கள். அந்த ஸ்க்ரூ வழியாகவே அதிர்வு இந்தப் பக்கம் வந்துவிடும். இவ்வளவு செய்தாலும் பேச்சுக் குரல் மறையும், சப்-ஊஃபரின் 'தும் தும்' கொஞ்சம் மிஞ்சும்.

கேள்வி: டர்பனின் பீனிக்ஸில் எங்கள் கராஜில் பிள்ளைகளுக்கு மிருதங்க வகுப்பும் வெள்ளிக்கிழமை பஜனையும் நடக்கிறது. சாமி படமும் அங்கேதான். அக்கம்பக்கத்தில் புகார். முட்டை அட்டை அல்லது ஃபோம் ஒட்டலாமா?

பதில்: இரண்டும் கூடாது. விளக்கும் கற்பூரமும் எரிகிற அறை அது. சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் பற்றினால் மளமளவென்று எரியும், புகையே விஷம். 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு கேளிக்கை விடுதியில் சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் மத்தாப்புப் பொறி பட்டு 100 பேர் இறந்தார்கள். முட்டை அட்டையும் வெறும் காகிதம்தான், பற்றிக்கொள்ளும்.

ஒரு அங்குல ஃபோம் மிருதங்கத்தின் வலந்தலையில் (வலது பக்கத்தில்) எழும் கூர்மையான நாதத்தை மட்டும் மழுக்கும். தெருவைத் தாண்டிப் போவது தொப்பியில் (இடது பக்கத்தில்) எழும் கனத்த கும்கி நாதம், அதை இது தொடவே தொடாது. உள்ளே எதிரொலி குறைய வேண்டுமானால் 50 மில்லிமீட்டர் கண்ணாடிப் பஞ்சுப் பலகையைத் துணி போர்த்தி, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள். பஞ்சு எரியாது, ஆனால் துணி எரியும், ஆகவே விளக்குக்குப் பக்கத்தில் அதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவது பெரும்பாலும் கராஜின் சுருள் கதவு வழியாகத்தான். அந்தத் தகரத்துக்குப் பின்னால் சட்டம் போட்டு ஒரு தடுப்பு கட்டாமல் வேறு எது வாங்கினாலும் காசுக்குக் கேடு. வகுப்பு நேரத்தை அவர்களோடு பேசி வைத்துக்கொள்வதற்குச் செலவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) வந்தால் எதிர்வீட்டு ஜெனரேட்டர் என் படுக்கை அறை ஜன்னலில் வந்து உட்காருகிறது. கனமான திரை போதுமா?

பதில்: போதாது. காற்றைத் தடுக்காத துணி சத்தத்தையும் தடுக்காது. ஜன்னல் சட்டத்து ரப்பரை முதலில் மாற்றுங்கள். பிறகு, உள்பக்கம் சுமார் 100 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு கண்ணாடி ஜன்னல், முடிந்தால் 6.38 மில்லிமீட்டர் லாமினேட் கண்ணாடியில். டர்பன் புழுக்கத்தில் இரண்டையும் மூடிவிட்டு, கரண்ட் இல்லாமல் தூங்க முடியுமா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்டியில் 'என்ஆர்சி 0.85' என்று போட்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சத்தத்தில் 85 சதவீதம் போய்விடும் என்றார் கடைக்காரர். நான்கு பலகை மாட்டியும் ஒன்றும் குறையவில்லை. பெட்டி பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். விட்டுவிடுவதா?

பதில்: விடாதீர்கள். என்ஆர்சி என்பது பலகைமேல் படும் ஒலியில் எவ்வளவை அது திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்கிறது என்பதைக் காட்டும் எண். சுவரைத் தாண்டி வருவதற்கு எஸ்டிசி அல்லது ஆர்டபிள்யூ என்ற வேறு எண் உண்டு. கடைக்காரர் ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்றிருக்கிறார்.

இன்ன வேலைக்கு வேண்டும் என்று நீங்கள் சொல்லி வாங்கியிருந்தால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது நம் நாட்டு 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. அப்படி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறது 56-ஆம் பிரிவு. பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பதைத் தேர்ந்தெடுப்பது நீங்கள், கடை அல்ல. பிரித்த பெட்டி இதற்குத் தடையில்லை. ஆனால் பலகையை வெட்டியோ பசையால் ஒட்டியோ இருந்தால் வாதம் இழுக்கும்.

முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி, எழுத்தாக இருக்கட்டும். மசியவில்லை என்றால் நுகர்பொருள் மற்றும் சேவைகளுக்கான ஓம்புட்ஸ்மனிடம் (குறை கேட்டுத் தீர்ப்பவர்) புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. பில்லோடு அந்த '85 சதவீதம்' பேச்சுக்கு ஏதாவது சாட்சியும் சேர்த்து அனுப்புங்கள், விளம்பரத் தாளின் படம் இருந்தாலும் உதவும். மற்றவர்கள், இனி வாங்கும்போது 'பக்கத்து வீட்டுச் சத்தம் தடுக்க' என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.