வாசகர் கேள்வி – பதில்: எந்தக் காற்றுக்கு எந்தப் பாய்?

மொரிஷியஸில் தென்கிழக்குக் காற்று பிடித்துவிட்டதால், பாய் கட்டிய பலகையில் நின்று கடலில் ஓடும் விண்ட்சர்ஃபிங் பற்றிக் கடிதங்கள் குவிகின்றன. பெரும்பாலானவை பாய் அளவையும் பலகை அளவையும் பற்றியே கேட்கின்றன. அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில். கணக்குக்கு ஒரு குறிப்பு: 1 நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். பாயின் அளவு சதுர மீட்டரில்.

கே: லகூனில் (பவளப்பாறைக்கு உட்பட்ட கடலில்) ஆரம்பப் பயிற்சியை முடித்துவிட்டேன். பள்ளியில் 180 லிட்டர் பலகை, 3.5 பாய் கொடுத்தார்கள். என் எடை 58 கிலோ. சொந்தமாக வாங்கப் போனால், ‘ஒரே பலகை எல்லாக் காற்றுக்கும் போதும்’ என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– வாசகி, கத்ர் போர்ன்

ப: உங்களைப் பொறுத்தவரை நம்பலாம், அளவு சரியாக இருந்தால். பலகையை உடம்பு எடைக்குப் பாருங்கள், பாயைக் காற்றுக்குப் பாருங்கள். காற்று மாறும்போது முதலில் மாற்ற வேண்டியது பாய்தான்.

ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். உங்கள் 58 கிலோ, பலகையின் எடை 8, பாய், அதைத் தாங்கும் மரம், கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பான பூம் எல்லாம் சேர்ந்து இன்னொரு 8. ஆக, மூழ்காமல் மிதக்கவே 74 லிட்டர் வேண்டும். அதன்மேல் நின்று, ஆடி, கயிற்றைப் பிடித்துப் பாயை நீரிலிருந்து இழுத்து எழுப்ப வேண்டுமென்றால் எடையோடு குறைந்தது 40 லிட்டர் கூட்டுங்கள். ஆரம்பத்தில் 60 கூட்டினால் நிம்மதி. 115 முதல் 120 லிட்டர் வரை, அகலம் 72 முதல் 75 சென்டிமீட்டர் வரையுள்ள ஃப்ரீரைடு (பொதுவான ஓட்டத்துக்கான) பலகை உங்களுக்குச் சில வருடம் ஓடும். 180 லிட்டர் வேண்டாம். 20 நாட்டில் அது துள்ள ஆரம்பித்தால் உங்கள் எடைக்கு அடங்காது.

பாய்க்கு ஒரு குத்துமதிப்பான கணக்கு உண்டு. எடையை 1.34ஆல் பெருக்கி, காற்றின் நாட் அளவால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 15 நாட்டில் 5.2, 20 நாட்டில் 3.9. ஆனால் இது ஹார்னெஸ் (உடலைப் பூமோடு கொக்கியில் இணைக்கும் இடுப்புவார்) மாட்டி, பலகை நீரின் மேலெழுந்து வழுக்கி ஓடும் பிளேனிங் நிலைக்கான கணக்கு. அதுவரை ஓர் அளவு சின்னதே போதும். முதலில் 4.2 வாங்குங்கள், ஹார்னெஸ் பழகியதும் 5.2.

வாங்குமுன் ஒரு சோதனை. பள்ளிப் பலகையின் நடுவே இறங்கும் டாகர்போர்டு இந்தப் பலகையில் இருக்காது. பள்ளியிலேயே அதை மேலே மடித்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இன்னும் சில வகுப்பு போகட்டும்.

கே: எடை 82 கிலோ. பலகை 105 லிட்டர், பாய் 7.5. வானிலை அறிக்கை 25 கிலோமீட்டர் காற்று என்று சொன்ன நாளில் புவாந்த் தெஸ்னியில் மணிக்கணக்காக நின்றும் பிளேனிங் வரவே இல்லை. இன்னும் பெரிய பாய் வாங்கட்டுமா?
– வாசகர், மாயேபூர்

ப: வேண்டாம். பாய் அல்ல, பலகைதான் உங்களைப் பிடித்து இழுக்கிறது.

வாக்வா வானிலை நிலையம் கிலோமீட்டரில் சொல்கிறது. 25 கிலோமீட்டர் என்பது 13.5 நாட். மேற்சொன்ன கணக்குப்படி உங்களுக்கு 8.1 வரும். அப்படியானால் 7.5 சற்றுக் குறைவு, அவ்வளவுதான். இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 82 கிலோ, பலகை 7, பெரிய பாயின் சாமான்கள் 10, மொத்தம் 99 கிலோ. கடல்நீர் கொஞ்சம் கனமானது, லிட்டருக்கு 1.025 கிலோ. அதையும் சேர்த்துப் பார்த்தாலும் மிதக்கவே 97 லிட்டர் போய்விடுகிறது. மீதி எட்டு லிட்டர். பின்பக்கம் அமிழ்ந்தபடி நீரை உழுதுகொண்டு போகும் பலகை எப்படி மேலெழும்?

அகலமும் சேர்ந்துதான் கெடுக்கிறது. 7.5 பாய் தரும் விசையைத் தாங்க 44 சென்டிமீட்டர் அளவில் ஃபின் (பலகையின் அடியில் வால்பக்கம் இருக்கும் துடுப்பு) வேண்டும். 105 லிட்டர் பலகை அகலம் குறைந்தது, அவ்வளவு நீள ஃபினைக் காலால் அழுத்தி அடக்க அதில் இடமில்லை. சின்ன ஃபின் போட்டால் அது நீரைப் பிடிக்காமல் நழுவி, பலகையின் வால் திடீரென்று பக்கவாட்டில் போகும். ஆகவே இரண்டில் ஒன்று. இந்தப் பாயை வைத்துக்கொண்டு 130 லிட்டருக்குக் குறையாத, 78 சென்டிமீட்டர் அகலப் பலகைக்கு மாறுங்கள். அல்லது இந்தப் பலகையை வைத்துக்கொண்டு 6.2 பாயுடன் 18 நாட்டுக்குக் காத்திருங்கள். நம் தீவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்றுக்குப் பஞ்சமில்லை, இரண்டாவது வழியே செலவு குறைவு.

இன்னொன்றையும் சரிபார்த்துவிடுங்கள். மெல்லிய காற்று என்று, பாயை மரத்தின் அடிநோக்கி இழுக்கும் டவுன்ஹால் கயிற்றைத் தளர்த்தி விடுபவர்கள் அநேகம். பாய் வயிறு பெருத்தாற்போல் இருக்கும், பலம் கூடியதுபோலத் தோன்றும். காற்று கொஞ்சம் கூடியதும் அந்த வயிறு பின்னால் நகர்ந்து பின்கை மட்டும் இழுபடும், பலகை ஓடாது. சரியான அளவு பாயின் பின்விளிம்பில் தெரியும். டவுன்ஹாலை இழுக்க இழுக்க உச்சியிலுள்ள இரண்டு பேட்டன்களுக்கு (பாயை விறைப்பாக்கும் குச்சிகளுக்கு) நடுவில் அந்த விளிம்பு தொய்ந்து படபடக்க வேண்டும். புதிதாகப் பார்ப்பவருக்கு ‘பாய் கெட்டுவிட்டதோ’ என்று தோன்றும். தோன்றட்டும். பலம் வேண்டுமென்றால், பாயைப் பூமின் பின்முனைக்கு இழுக்கும் அவுட்ஹால் கயிற்றை ஓரிரண்டு சென்டிமீட்டர் விடுங்கள், டவுன்ஹாலைத் தொடாதீர்கள்.

கே: மகனுக்கு 13 வயது, 40 கிலோ. என் 5.3 பாயிலேயே பழகலாமா?
– வாசகர், திரியோலே

ப: கூடாது. 15 நாட்டிலேயே அவனுக்கு 3.6க்கு மேல் தேவையில்லை. நீரில் கிடக்கும் பாயின் மேல் தேங்கும் தண்ணீரையும் சேர்த்துத்தான் அவன் தூக்குகிறான். 2.5 அல்லது 3.0, சிறுவர்களுக்கென்று வரும் மெல்லிய பூமோடு வாங்கிக் கொடுங்கள். உங்கள் பூமை அவன் விரல்கள் சுற்றிப் பிடிக்காது, அரை மணியில் முன்கை மரத்துவிடும்.

கே: லெ மோர்னில் அறிக்கை ‘30 கிலோமீட்டர், வீச்சு 50’ என்கிறது. 70 கிலோ எடைக்கு எதை நம்பிப் பாய் கட்டுவது?
– வாசகர், ரோஸ் ஹில்

ப: இரண்டையும் முழுதாக நம்ப முடியாது. 30 என்றால் 16 நாட், உங்களுக்கு 5.9. வீச்சு, அதாவது திடீரென்று கூடி அடிக்கும் காற்று, 50 என்றால் 27 நாட், உங்களுக்கு 3.5. இரண்டுக்கும் பொதுவான பாய் கிடையாது. சராசரிக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 19 நாட்டுக்கு, 5.0 கட்டுங்கள். காற்று தணியும்போது கொஞ்சம் தவழ்வீர்கள், வீச்சில் பின்கையைத் தளர்த்தி, பூமைத் திறந்து சமாளிப்பீர்கள். 5.9 கட்டியவர் வீச்சில் பூமை மூட முடியாமல், ஹார்னெஸ் கொக்கியோடு சேர்ந்து பலகையின் முன்னால் தூக்கி எறியப்படுவார்.

லெ மோர்னில் மலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 556 மீட்டர் உயரப் பாறை அது. காற்று தென்கிழக்கில் நிலையாக நிற்கும்போது முனையைச் சுற்றி ஒழுங்காக வரும். கிழக்குப் பக்கம் திரும்பினால் மலையில் மோதி உடைந்து, ஒரு நிமிடம் ஒன்றுமில்லை, மறு நிமிடம் இரு மடங்கு என்று விழும். அன்றைக்குப் பாயை மாற்றிப் பயனில்லை, இடத்தை மாற்றுங்கள். பெல் ஓம்ப்ர் பக்கம் போகலாம்.

பாய் கட்டுமுன் நீரைப் பாருங்கள். அங்கங்கே வெண்ணுரை என்றால் 12 நாட் அளவு. பார்க்கும் இடமெல்லாம் என்றால் 18க்கு மேல். நுரை உடைந்து தூவானமாகப் பறந்தால் 25ஐ நெருங்குகிறது. ஆனால் லகூனுக்குள் இந்த அளவுகோல் பொய் சொல்லும். பவளப்பாறை அலையைத் தடுப்பதாலும், காற்று ஓடும் நீர்ப்பரப்பு குறுகியது என்பதாலும் நுரை குறைவாகவே எழும். கண்ணைப் பாறைக்கு வெளியே வையுங்கள்.

‘ஒன் ஐ’ அலை உடையும் பக்கம் போவதற்கு இன்னும் சில காலம் ஆகட்டும். அங்கே மரம் உடைந்தால் காற்றும் நீரோட்டமும் வெளிக்கடலுக்குத் தள்ளும். மேற்கே அடுத்த கரை ரீயூனியன்.

கே: 4.2, 4.7, 5.3, 6.0 என்று நாலு பாய் வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே மரம் போதாதா?
– வாசகர், சேன் ஆந்த்ரே, ரீயூனியன்

ப: போதாது, ஆனால் நாலு மரமும் தேவையில்லை. 400 சென்டிமீட்டர் மரம் 4.7, 5.3 இரண்டுக்கும் பொருந்தும். 6.0 பெரும்பாலும் 430 கேட்கும், 4.2 பெரும்பாலும் 370 கேட்கும். எந்த மரம், முன்விளிம்பு எத்தனை நீளம், பூம் எத்தனை நீளம் என்று பாயிலேயே அச்சிட்டிருக்கும். முன்விளிம்பு 452 என்றும் மரம் 430 என்றும் இருந்தால் மரத்தின் அடியில் செருகும் நீட்டிப்பான எக்ஸ்டென்ஷனை 22இல் வையுங்கள். சின்னப் பாய்க்கு நீள மரம் போட்டால் அது விறைப்பாக இருக்கும், டவுன்ஹாலை எவ்வளவு இழுத்தாலும் உச்சி திறக்காது. மெல்லிய மரத்துக்கும் தடித்த மரத்துக்கும் எக்ஸ்டென்ஷன் வேறு என்பதை மறந்து வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்க அலைபவர்கள் உண்டு. உங்கள் நாலில் ஒன்றை விடச் சொன்னால் 4.7ஐ விடலாம் என்று தோன்றும். விடாதீர்கள், 15 சதவீதம் அளவு இடைவெளிதான் வசதி. விட வேண்டுமானால் ஓரத்தில் இருக்கும் ஒன்றை, உங்கள் கரையில் அதிகம் அடிக்காத காற்றுக்கானதை விடுங்கள்.

கே: டிசம்பரில் உறவினர் வீட்டுக்கு மொரிஷியஸ் வருகிறேன். அப்போது காற்று குறைவாமே? ஃபாயில் கொண்டுவரலாமா? எடை 75 கிலோ.
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

ப: கோடையில் காற்று மெலிவது உண்மை, 8 முதல் 12 நாட் என்று பல நாள் கழியும். பலகையின் அடியில் ஃபினுக்குப் பதிலாகத் தண்டும் இறக்கையுமாகப் பொருத்தும் ஃபாயில் இருந்தால் அந்தக் காற்றுக்கு 5.5 அல்லது 6.0 பாயே போதும், ஃபின் வைத்து ஓட்டுபவர் 8.5க்கு அலைய வேண்டியிருக்கும். சிக்கல் ஆழம். ஃபாயில் தண்டு 85 சென்டிமீட்டர் என்றால் அதன் கீழ் இறக்கையையும் சேர்த்து, குறைந்தது 1.2 மீட்டர் நீர் வேண்டும். ஆன்ஸ் லா ரே போன்ற ஆழம் குறைந்த லகூன்களில் ஓதம் வற்றும் நேரம் அது கிடைக்காது. ஏற்ற இறக்கம் நம்மிடம் அரை மீட்டர் அளவுதான், அந்த அரை மீட்டரே போதும் இறக்கை பவளத்தில் தட்ட. ஓதம் ஏறும் நேரத்தைப் பார்த்து, நீர் கருநீலமாகத் தெரியும் பாதையில் மட்டும் ஓட்டுங்கள். வெளிர்ப்பச்சையும் பழுப்பும் கலந்த இடத்தில் பவளம் மேலே இருக்கிறது. தலைக்கவசமும் தடித்த அடி கொண்ட நீர்க்காலணியும் கொண்டுவாருங்கள். புயல் எச்சரிக்கை முதல் வகுப்பு அறிவித்துவிட்டால், காற்று எவ்வளவு அழகாக அடித்தாலும் கடலுக்கு இறங்காதீர்கள்.