கட்டிலுக்கு அடியில் இருக்கும் 5 கிலோ டம்பெல் போதுமா?

கேள்வி: எனக்கு 44 வயது. கரூரில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. உயரம் 165 செ.மீ., எடை 64 கிலோ, இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. கை, கால் ஒல்லி. வயிறு மட்டும் தள்ளியிருக்கிறது. போன மாதப் பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.1, ரத்த அழுத்தம் 134/84. மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. ஜிம்முக்கு ஒரு வருடப் பணம் கட்டி, இரண்டு மாதம்தான் போக முடிந்தது. வீடு சேரவே இரவு எட்டரை ஆகிவிடுகிறது. மகன் வாங்கிய 5 கிலோ டம்பெல் இரண்டு கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. அவற்றை வைத்து வீட்டிலேயே தசையை வளர்க்க முடியுமா? வேறு என்ன வாங்க வேண்டும்? புரோட்டீன் பவுடர் அவசியமா? எங்களுடையது மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் இருப்பதால் சத்தம் வரக் கூடாது.

பதில்: முடியும். ஜிம் பணம் வீணாகிவிட்டதே என்ற வருத்தத்தை விடுங்கள். இரவு எட்டரைக்கு வீடு சேரும் ஒருவருக்கு, வீட்டுக்குள் செய்கிற பயிற்சிதான் நிலைக்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது இடுப்புச் சுற்றளவு. நம் ஊர் ஆண்களுக்கு அது 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 23.5, இந்தியர்களுக்கான வரம்பான 23-ஐ லேசாகத்தான் தாண்டியிருக்கிறது. பார்ப்பவர்கள் "நீ ஒல்லிதானே, உனக்கென்ன" என்றுதான் சொல்வார்கள். ஆனால் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ஒல்லியான உடம்பில் இது எப்படி வந்தது?

2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மில் பலருக்கு இந்த உடல்வாகுதான்: தசை குறைவு, கொழுப்பு கூடுதல், அதிலும் வயிற்றைச் சுற்றி. சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துச் சேமிப்பது தசைதான். சேமிக்கும் இடம் சிறியதாக இருந்து, அதுவும் நாள் முழுக்க நாற்காலியில் சும்மா இருந்தால், சர்க்கரை ரத்தத்திலேயே தங்கும். அதனால் நீங்கள் தசை வளர்ப்பதை நான் அழகுக்காகச் செய்கிற விஷயமாகப் பார்க்கவில்லை. இந்த வயதில் உங்களுக்கு நான் எழுதித் தரக்கூடிய முதல் மருந்து இதுதான்.

சரி, 5 கிலோ போதுமா? முன்பெல்லாம், அதிக எடையை எட்டு, பத்து முறை தூக்கினால்தான் தசை வளரும் என்று சொல்வார்கள். இப்போது நமக்குத் தெரிவது வேறு. நீங்கள் ஒரே ஒரு முறை மட்டும் தூக்கக்கூடிய எடை 20 கிலோ என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கை வைத்தும் கிட்டத்தட்ட அதே அளவு தசையை வளர்க்கலாம். ஒரு நிபந்தனை உண்டு. நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றை செட் என்பார்கள்; அந்த செட்டின் முடிவில், "இன்னும் இரண்டு, மூன்றுதான் முடியும்" என்ற நிலைக்கு வந்திருக்க வேண்டும். அது 8-ஆவது முறையிலும் வரலாம், 25-ஆவது முறையிலும் வரலாம். டிவி பார்த்துக்கொண்டே டம்பெல்லைப் பத்து முறை ஆட்டிவிட்டு வைத்தால் தசைக்கு எந்த வேலையும் இல்லை. வீட்டில் பயிற்சி செய்து பலனில்லை என்று என்னிடம் சொன்ன பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் கஷ்டம் தொடங்கும் இடத்தில் நிறுத்தியவர்கள்.

கையை மட்டும் பார்த்துப் பயிற்சி செய்வது இன்னொரு தவறு. உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் புட்டத்திலும் இருக்கின்றன. உங்கள் சர்க்கரைக்கு அவைதான் முக்கியம். அதனால் காலில் இருந்து தொடங்குங்கள். நம் தேகப்பயிற்சி சாலைகளில் தண்டாலும் பஸ்கியும் (உட்கார்ந்து எழும் பயிற்சி) ஜோடியாக இருந்ததில் அர்த்தம் இருக்கிறது. முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுபோல், கையில் எதுவும் இல்லாமல் பஸ்கி. 15 முறை சுலபமாக வந்ததும் இரண்டு டம்பெல்லையும் மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். அதுவும் சுலபமானால், பின்னங்காலை நாற்காலி மேல் வைத்து ஒற்றைக் காலில் இறங்கி ஏறுங்கள். ஒற்றைக் காலில் 10 கிலோ என்பது நீங்கள் நினைப்பதைவிடக் கடினம். அப்புறம் மகனின் பள்ளிப் பை இருக்கிறது. 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் ஐந்தை அதில் வைத்தால் 10 கிலோ, முதுகில் மாட்டிக்கொள்ளலாம். கீழே இறங்க மூன்று விநாடி எடுத்துக்கொண்டால் அதே எடை இன்னும் கடினமாகும், முட்டியும் அதிராது.

தண்டாலுக்கும் இப்படிப் படிகள் உண்டு. சுவரில் கை ஊன்றி, பிறகு சமையல் மேடையில், பிறகு தரையில், அதற்குப் பிறகு காலை நாற்காலியில் தூக்கி வைத்து. வீட்டுப் பயிற்சியில் உண்மையான சிக்கல் முதுகுதான். தள்ளுகிற பயிற்சிக்குத் தரை இருக்கிறது, இழுக்கிற பயிற்சிக்குப் பிடிமானம் இல்லை. முதுகை விட்டுவிட்டு நெஞ்சுக்கு மட்டும் பயிற்சி செய்தால், ஏற்கெனவே கணினி முன்னால் கூன் விழுந்த தோள் இன்னும் முன்னால் வரும். கட்டிலில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மறுகையில் டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுங்கள். 5 கிலோ சீக்கிரமே போதாமல் போவது இந்தப் பயிற்சியில்தான்.

ஆகவே வாங்க வேண்டியது இரண்டே பொருள். ஒன்று, பிளேட் மாற்றக்கூடிய டம்பெல் கம்பியும், ஒரு கைக்கு 15 கிலோ வரை வருமளவு பிளேட்டும். இரும்பு கெட்டுப்போகாது, பழையதாகவே வாங்கலாம். பிளேட்டை இறுக்கும் நட்டு மட்டும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மற்றது, கைப்பிடி உள்ள ரப்பர் பேண்ட். கதவு இடுக்கில் மாட்டி இழுத்தால் முதுகுக்கு அருமையான பயிற்சி. கதவைத் தாழிட்டு, இழுக்கும்போது கதவு திறக்காமல் இன்னும் இறுக மூடும் பக்கத்தில் நின்று இழுங்கள். பேண்டில் கீறல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். அறுந்தால் கண்ணில் அடிக்கும். கதவு நிலையில் திருகி மாட்டும் கம்பி மட்டும் வேண்டாம். அது வழுக்கி, வால் எலும்பு அடிபட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 35 நிமிடம் போதும். உலக சுகாதார நிறுவனம் கேட்பதே, முக்கியத் தசைகள் எல்லாவற்றுக்கும் வாரம் இரண்டு நாளாவது பயிற்சி என்பதுதான். கால், தள்ளுதல், இழுத்தல், ஒவ்வொன்றிலும் மூன்று செட். நடுவே இரண்டு நிமிட ஓய்வு. ஒரு நோட்டில் எடையையும் எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. போன வாரம் 12 என்றால் இந்த வாரம் 13. இந்த ஒன்று கூடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் ஐந்தாறு வாரத்தில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால் வருவது. கண்ணாடியில் மாற்றம் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதற்குள் சலித்துவிடாதீர்கள். 44 வயது தாமதம் என்றும் நினைக்காதீர்கள். பாஸ்டனில் சராசரி 90 வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்த ஆய்வு 1990-இல் வெளியானது. அவர்கள் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, தொடைத் தசையே 9 சதவீதம் பெரிதானது. அந்த முடிவை நான் என் வயதான நோயாளிகள் எல்லோரிடமும் சொல்வேன்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரை. உங்களுக்கு 53 கிராம். தசை வளர வேண்டுமானால் 1.2 முதல் 1.6 கிராம் வரை, அதாவது 75 முதல் 100 கிராம் தேவை. மூன்று இட்லியும் கொஞ்சம் சாம்பாரும் சேர்ந்து 7, 8 கிராம்தான். காலையில் இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம். மாலை டீயோடு சாப்பிடும் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல், 13 கிராம். 30 கிராம் மீல்மேக்கர் குழம்பில் போட்டால் 15 கிராம். மீனோ கோழியோ 100 கிராம் வைத்தால் 20-க்கு மேல். இவற்றைச் சேர்க்கும்போது சோற்றின் அளவைக் குறையுங்கள். இல்லாவிட்டால் தசையோடு வயிறும் வளரும். இவ்வளவும் முடிந்தால் பவுடர் தேவையில்லை. சைவமாக இருந்து 75 கிராம் எட்டவே முடியவில்லை என்றால், ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் (பாலில் இருந்து எடுக்கும் புரதப் பவுடர்) எடுப்பதில் தவறில்லை. அதற்கு முன், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெயர் ஒட்டாத டப்பாவில் யாராவது தரும் பவுடரையும், "சீக்கிரம் ஏறும்" என்று சொல்லும் ஊசியையும் தொடவே கூடாது. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த ஊசி இதயத்தையும் விந்தணுவையும் கெடுக்கும்.

உங்கள் ரத்த அழுத்தம் பயிற்சிக்குத் தடையில்லை. ஆனால் தூக்கும்போது மூச்சை அடக்கினால் அது சட்டென்று ஏறும். தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். முதல் வாரம் உடம்பு வலி இரண்டு, மூன்று நாள் இருக்கும், பயப்பட வேண்டாம். வலியோடு சிறுநீர் கறுத்துப் போனாலோ, பயிற்சியின்போது நெஞ்சு அழுத்தமாக இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களில் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

கீழ்வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் சொன்னவற்றில் குதிக்கிற பயிற்சி ஒன்றுகூட இல்லை. பழைய ஜமக்காளத்தை நான்காக மடித்து விரித்து, டம்பெல்லை அதன்மேல் வையுங்கள்; இறக்கும் மூன்று விநாடியைக் கடைசி முறையிலும் கடைப்பிடித்தால் சத்தம் வராது. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி-யும் இடுப்புச் சுற்றளவும் மறுபடி எடுத்து, அந்த நோட்டில் உள்ள கணக்கோடு எனக்கு எழுதுங்கள்.