உட்கார்வதில் இத்தனை வேலையா?

அன்புள்ள ஐயா,

அலுவலக மின்னஞ்சல் ஒன்றில் 'சூப்பர்சீட்' என்ற சொல்லை 'சி' போட்டு எழுதினேன். 'எஸ்'தான் வரவேண்டும் என்று கூட வேலை செய்பவர் திருத்தினார். பிரிசீட், இன்டர்சீட் எல்லாம் 'சி'யில்தானே இருக்கின்றன, இதற்கு மட்டும் ஏன் தனி வழி? அகராதியைப் பார்த்தால், உட்கார்வதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது என்றும், பிரசிடென்ட், செடிமென்ட், சப்ஸிடி, அப்செஷன் எல்லாம் அதே வேர் என்றும் போட்டிருக்கிறது. குடியரசுத் தலைவருக்கும் ஆற்றடி வண்டலுக்கும் என்ன உறவு? இப்படி வேர்களை மனப்பாடம் செய்தால் ஆங்கிலச் சொல்வளம் பெருகுமா?

ர.

அன்புள்ள ர.,

நானும் பல வருடம் 'சி' போட்டே எழுதியவன்தான். மெய்ப்புப் பார்த்த ஒருவர் சிவப்பு மையில் சுழித்துக் காட்டியபோது, அகராதியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் சண்டைக்கே போனேன். அகராதி அவர் கட்சியில் இருந்தது.

இங்கே இரண்டு லத்தீன் வினைகள் கலந்து கிடக்கின்றன. 'கேதெரே' என்றால் போவது, விலகி வழிவிடுவது. முன்னால் போனால் பிரிசீட், இருவருக்கு நடுவே போனால் இன்டர்சீட், எல்லை தாண்டிப் போனால் எக்சீட். 'ஸெதேரே' என்றால் உட்கார்வது. பழைய ரோமானியர் வாயில் ஒன்று ககரத்தில் தொடங்கியது, மற்றது ஸகரத்தில். அவர்கள் குழம்ப வழியே இல்லை. பிறகு எகர, இகர ஒலிகளுக்கு முன்னால் வந்த அந்தக் ககரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரிந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வரும்போது ஸகரமாகிவிட்டது. காதுக்கு வேறுபாடு போயிற்று, எழுத்தில் மட்டும் மிச்சம். இடைக்கால லத்தீனிலேயே இந்தச் சொல்லை 'சி' போட்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் பிழை நல்ல பழைய குடும்பத்துப் பிழை.

சூப்பர்சீட் என்பதற்கு நேர்ப்பொருள் மேலே உட்கார்வது. லத்தீனில் அது ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்டுவிடுவதைக் குறித்தது. ஆங்கிலத்திலும் முதலில் ஒத்திப்போடுவதுதான் பொருள். பழையதைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் புதியது அமர்வது என்ற இன்றைய பொருள் பின்னால் வந்தது. 'சீட்' என்று முடியும் இந்தக் கூட்டத்தில் 'எஸ்' இதற்கு மட்டும்தான்.

சரி, உங்கள் தலைவரும் வண்டலும். சபைக்கு முன்னால் உட்கார்பவர் பிரசிடென்ட். தண்ணீருக்கு அடியில் போய் உட்கார்ந்தது செடிமென்ட். கலங்கிய தண்ணீரைக் கொஞ்ச நேரம் வைத்தால் 'மண் கீழே உட்கார்ந்துவிட்டது' என்று நாமும்தான் சொல்கிறோம். செஷன் என்பதை அமர்வு என்று நாம் பெயர்த்ததும் வேரையே பெயர்த்ததுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது சப்ஸிடி. பழைய ரோமானியப் படை மூன்று வரிசையாக நிற்கும். கடைசி வரிசை அனுபவசாலிகள், ட்ரையாரிகள். முன்னிரண்டு வரிசைகள் சண்டை போடும்போது இவர்கள் இடது காலை நீட்டி, கேடயத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னால் அமர்ந்திருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். முன்னால் எல்லாம் கைவிட்டால்தான் எழுந்திருப்பார்கள். 'காரியம் ட்ரையாரிகள் வரை வந்துவிட்டது' என்பது அங்கே பழமொழி, அதாவது நிலைமை கழுத்துவரை வந்துவிட்டது. இப்படிப் பின்னால் காத்திருக்கும் துணைப்படைக்குப் பெயர் 'சுப்ஸிதியும்'. துணைப்படை பொதுவாக உதவி என்று ஆகி, உதவி பணமாகி, இன்று மானியம்.

அப்செஷனும் போர்க்களத்துச் சொல்தான். கோட்டைக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்வது, அதாவது முற்றுகை. பிறகு கிறிஸ்தவச் சமயவாதிகள் கையில் அது பேய் பிடிப்பதற்கு வந்தது. கெட்ட ஆவி வெளியிலிருந்தே ஆளை நச்சரித்தால் அப்செஷன், உள்ளேயே குடியேறிவிட்டால் பொசெஷன். பொசெஷனும் இதே வேர்தான், எஜமானாக உட்கார்வது. பேய் போய் இப்போது எண்ணம் முற்றுகையிடுகிறது. ஒரே நினைப்பு மண்டையைச் சுற்றி வளைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த வேரை விளக்கவே வேண்டாம். முற்றுகையைக் குறிக்கும் ஸீஜ் என்ற சொல்லும் பிரெஞ்சில் முதலில் இருக்கைதான். ஆங்கிலத்திலேயே முதலில் அந்தப் பொருள் இருந்தது. ஆர்தர் அரசனின் வட்டமேசைக் கதைகளில் வரும் ஆபத்தான ஆசனத்துக்கு அதுதான் பெயர்.

இன்னொன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஸ்பானிய மொழியில் 'இருத்தல்' என்பதற்கான 'ஸேர்' என்ற வினை, இந்த 'ஸெதேரே'யும் லத்தீனின் இருத்தல் வினையும் கலந்து பிறந்தது. நம்முடைய 'இரு'வைப் பாருங்கள். 'கொஞ்சம் இருங்கள்' என்றால் உட்காருங்கள் என்றும் ஆகும், இருக்கை அதிலிருந்துதான், கடவுள் இருக்கிறாரா என்பதற்கும் அதே வினைதான். இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. சம்பந்தமே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

மனப்பாடம் செய்யலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பேன். வேர் தெரிந்தவுடன் பொருளை ஊகிக்கக் கை அரிக்கும், அங்கேதான் வழுக்கும். டிசிடென்ட் என்றால் தள்ளி உட்கார்பவர், மாற்றுக் கருத்துக்காரர். அந்தத் தெம்பில் செடிஷனையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கத் தோன்றும். ஆனால் அதன் 'செத்' உட்கார்வதல்ல, 'தனியே' என்ற முன்னொட்டு, மீதி 'போவது'. பிரிந்து தனியே போவது, கலகம். சப்ஸிடியிலும் வேரை மட்டும் வைத்துக்கொண்டு மானியத்தை எட்டியிருக்க முடியுமா? நடுவில் ஒரு படையே உட்கார்ந்திருக்கிறதே! சொல்லை வாசிப்பில் சந்தித்துப் பழகிய பிறகு அதன் ஊரை விசாரியுங்கள். அப்போது மறக்காது.

மின்னஞ்சலைத் திருத்தியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அகராதியோடு அவரிடம் போகாமல் எனக்கு எழுதினீர்களே, அந்த வகையில் என்னைவிட நீங்கள் சமர்த்து.