எல்லையும் உங்கள் எம்.பி.யும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எல்லைப் பாதுகாப்பு விஷயத்தில் எம்.எல்.ஏ.க்களால் எதுவும் செய்ய முடியாதா?

பாதுகாப்பு, குடியுரிமை, வெளிநாட்டு வணிகம் மூன்றும் மத்தியப் பட்டியலில், அதாவது நாடாளுமன்றம் மட்டுமே சட்டம் இயற்றக்கூடிய விஷயங்களின் பட்டியலில் உள்ளன. 2021 அக்டோபரில் பஞ்சாப், மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களில் எல்லைப் பாதுகாப்புப் படை சோதனையிடவும் கைது செய்யவும் கூடிய எல்லையோரப் பரப்பை 15 கிலோமீட்டரிலிருந்து 50 ஆக உள்துறை அமைச்சகம் உயர்த்தியது. பஞ்சாப், மேற்கு வங்கச் சட்டமன்றங்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. அறிவிக்கை அதனால் ரத்தாகிவிடவில்லை. ஆனால் காவல் துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் எதிர்ப்புக்கு அடிப்படை இருந்தது. பஞ்சாப் அரசு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது.

கேள்வி: எங்கள் எம்.பி. தனிநபர் மசோதா கொண்டுவந்தால் சட்டமாகுமா?

நம்பியிருக்காதீர்கள். அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் இத்தகைய மசோதாக்களில் இதுவரை 14 மட்டுமே சட்டமாகியுள்ளன, கடைசியாக 1970இல். அவையில் அவர் கேட்கும் கேள்விக்கே பலன் அதிகம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்வியும் கேட்கலாம்.

கேள்வி: புதிய குடிவரவுச் சட்டத்தால் முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழருக்குக் குடியுரிமை கிடைக்குமா?

கிடைக்காது. இந்தக் குழப்பம் பரவலாக இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களின் இடத்தில் வந்தது இது. இதையொட்டி வந்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்குகிறது. அவ்வளவுதான். குடியுரிமையைத் தீர்மானிப்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். அதில் 'சட்டவிரோதக் குடியேறி' (உரிய ஆவணமின்றி நுழைந்தவர் போன்றோர்) என்று வகைப்படுத்தப்பட்டவர் பதிவு வழியாகவும், நீண்டகாலம் வாழ்ந்ததன் அடிப்படையிலான இயல்புரிமை வழியாகவும் குடியுரிமை பெற முடியாது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த குறிப்பிட்ட மதத்தவருக்கு இந்தத் தடையை நீக்கியது, இலங்கையைச் சேர்க்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக முகாமில் வாழும் குடும்பங்களுக்கு இது பெரும் அநீதி. தமிழக எம்.பி.க்கள் விடாமல் கேட்க வேண்டியது இந்தத் தடையை நீக்கும்படிதான்.

ஒன்றைக் கவனியுங்கள்: 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பொதுவாகப் பிறப்பால் குடிமகன். 1983 கலவரத்துக்குப் பின் இங்கு வந்த குடும்பங்களில் அப்படிப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து, வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: எல்லை வணிகச் சாவடிகள் யார் பொறுப்பு?

2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தரைவழித் துறைமுக ஆணையம். வங்கதேச எல்லையில் உள்ள பெட்ராபோல், பாகிஸ்தான் எல்லையில் உள்ள அட்டாரி போன்ற சாவடிகளை அதுவே நடத்துகிறது. திறப்பதும் மூடுவதும் மத்திய அரசின் முடிவு. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் அட்டாரியை மூடியபோது, சரக்கை நம்பிப் பிழைத்த லாரிக்காரர்களும் சுமைதூக்குவோரும் வேலை இழந்தனர். பாதுகாப்புக்காக எடுத்த முடிவு என்றாலும் அவர்களுக்கு மாற்று ஏற்பாடு என்ன என்று அவையில் கேட்பது அந்தத் தொகுதி உறுப்பினரின் கடமை.