பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை வீட்டிலேயே பிலிம் கேமராவால் நகலெடுக்க முடியுமா?

முடியும். குடும்பப் படங்களுக்கு நான் இன்றும் இந்த முறையையே விரும்புகிறேன்; ஏனெனில் நன்றாகக் கழுவி உலர்த்திய கறுப்பு வெள்ளை நெகட்டிவை எந்தக் கருவியின் துணையுமின்றி வெளிச்சத்தில் பிடித்தே பார்த்துவிடலாம்.

50 மி.மீ. லென்ஸ் கொண்ட சாதாரண எஸ்எல்ஆர் கேமராவே (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா) போதும். அத்தகைய லென்ஸ் பெரும்பாலும் 45 செ.மீ.க்கும் குறைந்த தூரத்தில் ஃபோகஸ் ஆகாது என்பதால், லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் 12 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (கிட்டத்தில் ஃபோகஸ் செய்ய உதவும் வெற்று வளையம்) ஒன்றைப் பொருத்துங்கள். ஏறத்தாழ 15 × 10 செ.மீ. பரப்பு பிலிமை முழுமையாக நிரப்பும். கேமரா படத்திற்கு நேர் இணையாக இருக்கிறதா என்று அறிய, படம் வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைக் கிடத்தி, வியூஃபைண்டரின் நடுவில் லென்ஸின் பிம்பம் தெரியும்வரை ஸ்டாண்டைச் சரிசெய்ய வேண்டும்.

இரு பக்கமும் 45 டிகிரி சாய்வில், ஒரே தூரத்தில், ஒரே வகை விளக்குகள் இருக்கட்டும். நடுவில் ஒரு பென்சிலை நிறுத்தினால் விழும் இரு நிழல்களும் ஒரே அடர்த்தியில் இருந்தால் ஒளி சமமாக இருக்கிறது என்று பொருள். படத்தின் வெள்ளை ஓரம் ஒளியை அளக்கும் மீட்டரை ஏமாற்றும் என்பதால், அளவை 18 சதவீத ஒளியைப் பிரதிபலிக்கும் சாம்பல் அட்டையில் எடுங்கள். எஃப்/8 லென்ஸ் துவாரமும், கேமரா அசையாமல் ஷட்டரை அழுத்த உதவும் கேபிள் ரிலீஸும் நல்லவை.

ஆனால் நகலின் தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஃபில்டர்தான் என்பது என் உறுதியான எண்ணம். எல்லா நிற ஒளியையும் பதிவுசெய்யும் பான்குரோமாட்டிக் பிலிமில், படமே மஞ்சளித்து மங்கியிருந்தால் நீல ஃபில்டர் போட வேண்டும். எஞ்சியிருக்கும் மஞ்சள் சாயல் நீல ஒளியை உறிஞ்சுவதால், வெறுங்கண்ணுக்கு மறைந்துபோன புடவைக் கரையும் முகச் சுருக்கமும்கூட ஓரளவு மீண்டு வரும். நல்ல படத்தின் மேல் மஞ்சள் கறை மட்டும் படிந்திருந்தாலோ இதற்கு நேர்மாறாக மஞ்சள் அல்லது ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் கறை வெளுத்துவிடும். இரண்டையும் மாற்றிப் போட்டால் கேடு கூடும். ஆகவே மங்கலா, கறையா என்பதை முதலில் நிதானமாகப் பாருங்கள். ஃபில்டர் போட்ட பிறகே மீட்டரைப் பாருங்கள், நீலத்திற்கு மிக அதிக ஒளி தேவைப்படும்.

சுவரில் மாட்டிய படம் ஈரத்தில் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் தயவுசெய்து உரிக்க முயலாதீர்கள், ஜெலட்டின் படலமே பெயர்ந்து வந்துவிடும். லென்ஸ் அளவுக்குத் துளையிட்ட கறுப்பு அட்டையைக் கேமராவின் முன் மாட்டிக்கொண்டு, கண்ணாடியின் வழியாகவே எடுத்துவிடலாம். கேமராவின் பிரதிபலிப்பு விழாது.