வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் நீராவிக் குளியல்: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் என்னென்ன தீர்மானிக்க வேண்டும்?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இது. கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடியின் நான்காம் மாடியில் வீடு. பழைய குளியலறையை முழுவதும் உடைத்துப் புதிதாகச் செய்கிறீர்கள். 4 அடிக்கு 5 அடி ஷவர் மூலையை நீராவிக் குளியலுக்கும் ஏற்றதாக்க வேண்டும். அம்மாவின் மூட்டுவலி முக்கிய காரணம். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, நீராவி உண்டாக்கும் இயந்திரத்தை அங்கிருந்தே கொண்டுவருவதாகச் சொல்கிறார். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

சுவரிலிருந்து தொடங்குங்கள். இயந்திரம் கடைசியில் வரட்டும். இப்போது பணம் போதாவிட்டால் அதை அடுத்த வருடமும் வாங்கலாம். டைல்ஸுக்குப் பின்னால் இருக்க வேண்டியவற்றை இப்போது வைக்காவிட்டால், பிறகு அத்தனையையும் மறுபடி உடைக்க வேண்டிவரும். கொழும்பில் வீடுகளைப் புதுப்பிக்கும் வேலைகளை மேற்பார்வை செய்வது என் தொழில். நீராவி அறை பழுதாகிவிட்டது என்று என்னை அழைத்துக் காட்டுகிறவர்களின் வீடுகளில் பெரும்பாலும் இயந்திரம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். சுவர்தான் கெட்டுப்போயிருக்கும்.

கொழும்பின் காற்றே ஈரம் நிறைந்ததுதானே, இதற்கு மேல் நீராவி என்ன செய்துவிடும் என்று உங்கள் மேசன் கேட்கக்கூடும். 28 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள சாதாரண நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 22 கிராம் நீர் இருக்கிறது. 45 பாகையில் நீராவி நிறைந்த அறையில் அது ஏறத்தாழ 65 கிராம். மூன்று மடங்கு. அந்த நீராவி, 45 பாகைக்குக் குறைவான எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகிவிடும். பரப்பு என்றால் கண்ணுக்குத் தெரியும் டைல்ஸ் மட்டுமல்ல. நீராவி ஊடுருவிப் போகக்கூடிய செங்கல்லின் உட்புறமும் அதில் சேரும். உங்கள் ஷவர் சுவருக்கு மறுபக்கம் ஏசி போட்ட படுக்கையறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்தச் சுவரின் ஒரு பக்கம் 45 பாகை, மறுபக்கம் 24 பாகை. நடுவில் நீர் சேரும். சில மாதங்களில் படுக்கையறைப் பக்கம் பெயின்ற் கொப்புளித்து உரியும். அலுமாரிக்குப் பின்னால் என்றால் பூஞ்சணம் பிடித்து உடுப்புகள் மணக்கும்வரை யாருக்கும் தெரியாது.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம்முடைய மேசன்மார் குளியலறைக்கு வழக்கமாகப் பூசும் சீமெந்து கலந்த நீர்காப்புப் பூச்சு, தண்ணீரைத் தடுக்கும். நீராவியை அது போதிய அளவு தடுப்பதில்லை. வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைத்துப் பார்க்கும் சோதனை மிக அவசியம், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அது தரையில் ஒழுக்கு இல்லை என்பதைத்தான் காட்டும். நீராவி அறைக்கு வேண்டியது ஆவித் தடுப்புப் படலம். அதன் ஊடுருவு திறனை ‘பேர்ம்’ என்ற அலகில் அளப்பார்கள். வட அமெரிக்க டைல்ஸ் துறை, நீராவி அறைக்கு 0.5 பேர்ம் அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. கட்டடப் பொருட்கள் விற்கும் பழைய சோனகத் தெருவிலோ வேறெங்கோ வாங்கும்போது, அந்த எண் அச்சிட்ட தரவுத்தாளைக் கேளுங்கள். “எல்லாவற்றுக்கும் சரிவரும்” என்று வாயால் சொல்லிவிட்டுத் தாளைக் காட்டாத கடையில் அந்தப் பொருளை வாங்க வேண்டாம். படலம் எல்லாச் சுவர்களிலும் கூரையிலும் இருக்கையிலும் சோப்பு வைக்கும் மாடத்தின் உட்புறத்திலும் இடைவெளி இல்லாமல் தொடர வேண்டும். குழாய் வெளிவரும் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தனியாக அடைக்க வேண்டும்.

இணையத்தில் நீங்கள் பார்க்கும் செய்முறைக் காணொளிகள் பெரும்பாலும் மரச்சட்ட வீடுகளுக்கானவை. சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் விரித்துப் பலகை அறைவதை நம் சுவரில் செய்ய முடியாது. நமக்கு இருப்பது செங்கல்லும் சீமெந்துக் கல்லும். அவற்றின் மேல் பூசிய புதுச் சாந்து நன்றாகக் காய்ந்த பிறகுதான் படலம் வர வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அது வெளியேற வழி தேடிப் படலத்தையே தள்ளும். மழைக்காலத்தில் இதற்கு மேசன் கேட்பதைவிடக் கூடுதல் நாட்கள் கொடுங்கள்.

அடுத்தது கூரை. தட்டையாக விட்டால் குளிர்ந்த நீர்த்துளிகள் முதுகில் விழுந்துகொண்டே இருக்கும். ஓர் அடிக்கு 1 முதல் 2 அங்குலம் சரிவு கொடுங்கள். 2 அங்குலமே நல்லது. சரிவு கதவின் பக்கமோ இருக்கையின் பக்கமோ இறங்கக் கூடாது, வெறும் சுவரை நோக்கி இறங்க வேண்டும். தொடர்மாடியில் உங்கள் கூரை மேல்வீட்டுக்காரரின் தரை, அந்தக் கொங்கிறீட்டை வெட்ட முடியாது. அதற்குக் கீழே உலோகச் சட்டம் தொங்கவிட்டு, சீமெந்துப் பலகை அடித்து, படலம் போட்டு, டைல்ஸ் ஒட்ட வேண்டும். குளியலறைகளில் இப்போது எல்லோரும் போடும் பிவிசி சீலிங்கும் ஜிப்சம் பலகையும் இதற்கு உதவாது. கீழ்ப்பக்கம் 7 அடிக்கு இறங்கினால் நல்லது. உயரம் குறையக் குறைய இயந்திரத்துக்கு வேலை குறைகிறது. உட்கார்ந்து குளிக்கிறவருக்குத் தலைக்கு மேல் வீணாகும் வெப்பமும் குறைகிறது.

கண்ணாடி கட்டாயம் டெம்பர் செய்ததாக (சூடாக்கிக் கடினப்படுத்தியதாக), கூரைவரை மூடுவதாக இருக்கட்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் வேண்டாம். உள்ளே யாராவது மயங்கினால் வெளியில் இருப்பவர் உடனே திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நீங்கள் இருப்பது கடலுக்கு மிக அருகில் என்பதால் கீல், கைப்பிடி எல்லாம் 316 தரத்துத் துருப்பிடிக்காத உருக்கில் கேளுங்கள்; 304 தரம் உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாகக் கறை பிடிக்கிறது. காற்று வெளியேற்றும் விசிறியை நீராவி அறைக்குள் வைக்காமல் குளியலறையின் மற்றப் பகுதியில் வையுங்கள். குளித்து முடித்ததும் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு அரை மணிநேரமாவது அதை ஓடவிட வேண்டும். குளிர்நாட்டில் வறண்ட காற்று தானாகவே அறையை உலர்த்திவிடும்; நமக்கு அந்த வசதி இல்லை.

இனி மின்சாரம். பலருடைய திட்டம் நின்றுபோவது இங்கேதான். கொழும்பு வீடுகள் பலவற்றில் இருப்பது சிங்கிள் ஃபேஸ் 30 ஆம்பியர் இணைப்பு. 230 வோல்ற்றை 30ஆல் பெருக்கினால் 6.9 கிலோவாட். 6 கிலோவாட் இயந்திரம் ஒன்றே 26 ஆம்பியர் இழுக்கும். ஏசியும் கீஸரும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். த்ரீ ஃபேஸ் இணைப்பு வேண்டும், அல்லது திட்டத்தைக் கைவிட வேண்டும். தனி வீடு என்றால் உங்கள் பகுதிக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம். தொடர்மாடியில் முதலில் முகாமைத்துவக் குழுவிடம் கேளுங்கள். கட்டடத்துக்குள் மேலே வரும் பிரதான கேபிள் தாங்குமா என்பது அவர்களுடைய மின்பொறியியலாளர் சொல்ல வேண்டிய விடயம். இந்தப் பதில் கையில் கிடைக்கும்வரை டைல்ஸுக்குக்கூட முற்பணம் கொடுக்காதீர்கள். அனுமதி கிடைத்தால் இயந்திரத்துக்கென்று தனி வயர், தனி பிரேக்கர், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச், சரியாகச் சோதித்த நில இணைப்பு ஆகியவை வேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ள மின்வினைஞரே இதைச் செய்ய வேண்டும்.

மாதக் கட்டணம் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். அறை சூடாகும் நேரத்தையும் சேர்த்து ஒரு குளியலுக்கு 2 முதல் 3 யூனிட் போகும். தினமும் குளித்தால் மாதத்துக்கு 75 யூனிட் அளவில் கூடும். நம் நாட்டில் யூனிட் விலை படிப்படியாக ஏறுவதால், இப்போதே 180 யூனிட்டை நெருங்கும் வீட்டில் இந்தக் கூடுதலில் பெரும்பகுதி மிக உயர்ந்த விலைப் படியில் விழும். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் என்றால் பெரிய பாரமில்லை.

அண்ணாவின் அன்பு பெரிது. ஆனாலும் கனடாவிலிருந்து இயந்திரம் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அங்கே இவ்வகை இயந்திரங்கள் 240 வோல்ற், 60 ஹேர்ட்ஸில், இரண்டு உயிர்க்கம்பிகளில் ஓடுபவை. நம்முடையது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், ஓர் உயிர்க்கம்பியும் ஒரு நியூட்ரலும். சூடேற்றும் கம்பி எப்படியோ வேலை செய்துவிடும். கட்டுப்பாட்டுப் பலகையும் நீர் வால்வும்தான் பிரச்சினை. குழாய்ப் புரியும் வேறு. அவர்களுடையது என்பிடி என்ற தரம், நம்முடையது பிஎஸ்பி என்ற தரம். அரை அங்குலக் குழாயில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரிகள் என்பதால் ஒன்றுக்குள் ஒன்று திருகி ஏறும், பொருந்தியதுபோலவே இருக்கும். புரியின் கோணம் வேறு என்பதால் பிறகு கசியும், அதுவும் சுவருக்குள். பழுதானால் உதிரிப்பாகத்துக்கும் ரொறன்ரோவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஐரோப்பிய அல்லது ஆசியச் சந்தைக்காகச் செய்த 230 அல்லது 400 வோல்ற் இயந்திரத்தை, இங்கே திருத்துநர் வைத்திருக்கும் முகவரிடம் வாங்குங்கள்.

எத்தனை கிலோவாட் என்பது அறையின் கன அளவையும் சுவரின் பொருளையும் பொறுத்தது. 4 அடி, 5 அடி, சராசரி உயரம் ஏழரை அடி என்றால் 150 கன அடி, அதாவது 4.25 கன மீட்டர். சாதாரண செரமிக் டைல்ஸ் என்றால் 6 கிலோவாட்டுக்கும் 9 கிலோவாட்டுக்கும் இடையில் எங்காவது முடியும். கருங்கல்லோ பளிங்கோ ஒட்டினால் கல்லைச் சூடாக்கவே சக்தி போகும். அடுத்த பெரிய அளவுக்குத் தாவ வேண்டும். கிரனைட் ஆசை இருந்தால் அதை முகம் கழுவும் மேசையோடு நிறுத்திவிடுங்கள். தயாரிப்பாளர் அட்டவணையில் வெளிச்சுவருக்கென்று சேர்க்கச் சொல்லும் கூடுதல் பெரும்பாலும் பனி விழும் நாடுகளை நினைத்து எழுதியது. முகவரிடம் கொழும்பின் வெப்பநிலையைச் சொல்லிக் கணக்கிடச் சொல்லுங்கள்.

இயந்திரம் அறைக்கு வெளியே, கை எட்டிக் கழற்றக்கூடிய ஓர் அலுமாரிக்குள் இருக்கட்டும். சீலிங்குக்கு மேல் ஒளித்துவைக்க ஒப்பந்தக்காரர் ஆசைப்படுவார், சம்மதிக்காதீர்கள். அங்கிருந்து நீராவி வரும் குழாய் செம்பாகவோ பித்தளையாகவோ இருக்க வேண்டும். நம்முடைய பைப் பாஸ்மாருக்குக் கைப்பழக்கமான பிவிசியும் பச்சை, வெள்ளை பிபிஆர் குழாயும் நீராவிக்கு ஆகாது. குழாய் குட்டையாக, வெப்பக்காப்பு சுற்றப்பட்டு, எங்கும் தொய்ந்து தண்ணீர் தேங்காமல் ஒரே சரிவில் போக வேண்டும். நடுவில் வால்வு எதுவும் கூடாது. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரும் கொதிநீர்தான், அதுவும் உலோகக் குழாயிலேயே தொடங்கட்டும்.

தண்ணீர் விடயத்தில் கொழும்பு கொடுத்துவைத்த ஊர். களனி கங்கையிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வரும் குழாய்நீர் மென்மையானது. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் இதே இயந்திரத்தை ஓட்டினால் சூடேற்றும் கம்பியில் விரைவிலேயே வெள்ளைப் படிவம் ஏறிவிடும். ஆனால் உங்கள் தொடர்மாடி குழாய்க் கிணற்று நீரையும் தாங்கியில் கலக்கிறதா என்று விசாரியுங்கள். கலந்தால் நீரின் கடினத்தன்மையைச் சோதித்துப் பார்த்துவிட்டு, தானாகக் கழுவிக்கொள்ளும் வசதியுள்ள இயந்திரமாக வாங்குங்கள்.

அம்மாவுக்காகச் சில விடயங்கள். இளஞ்சூடான நீராவி இறுகிய மூட்டுக்கு இதம் தரும். ஆனால் இரத்த அழுத்தத்துக்கோ இருதயத்துக்கோ மருந்து எடுப்பவர் என்றால் முதலில் அவருடைய வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள். தொடக்கத்தில் 40 பாகைக்கு மேல் வேண்டாம், 10 நிமிடம் போதும், தனியாக விட வேண்டாம். வேது பிடித்து வளர்ந்த தலைமுறைக்கு நொச்சியிலையும் யூக்கலிப்டஸ் தைலமும் இல்லாமல் மனம் நிறையாது. அந்தத் தைலத்தை நீராவி வெளிவரும் வாயில் அதற்கென்று உள்ள சிறு கிண்ணத்தில் சில துளிகள் விடலாம். இயந்திரத்தின் தொட்டிக்குள் எதையும் ஊற்றக் கூடாது. அந்த வாய் தரையிலிருந்து ஓர் அடிக்குள், இருக்கைக்கு எதிர்ச்சுவரில், காலில் படாத இடத்தில் இருக்க வேண்டும். இருக்கையின் மேற்பரப்பு முன்பக்கம் லேசாகச் சரியட்டும். தரைக்குச் சிறிய, சொரசொரப்பான டைல்ஸ்.

கைப்பிடிக் கம்பிகளின் இடத்தையும் இப்போதே தீர்மானியுங்கள். அம்மாவை அந்த மூலையில் உட்காரவைத்து, எழும்பச் சொல்லி, அவர் கை தானாகப் போகும் உயரத்தைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு துளைத்தால் ஒவ்வொரு துளையும் படலத்தை ஓட்டையாக்கும். படலம் போடும் முன்பே திருகாணிகளுக்கான பிடிமானத்தைச் சுவரில் பதித்து, துளைகளைச் சுற்றி அடைத்துவிடச் சொல்லுங்கள். டைல்ஸ் வேலை தொடங்கும் காலையில் அளவுநாடாவைச் சுவரில் விரித்துப் பிடித்து நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். குழாய் எங்கே ஓடுகிறது, வயர் எங்கே ஏறுகிறது என்பது அதன்பிறகு அந்தப் படங்களில் மட்டும்தான் தெரியும்.