எருக்கஞ்செடியில் வெட்டுக்கிளி: கடலைக்கு மருந்து அடிக்கணுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம், ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலக்கடலை, பூ எடுக்கும் பருவம். வரப்போர எருக்கஞ்செடிகளில் மஞ்சளும் நீலமுமாக வெட்டுக்கிளிகள் கூட்டமாக உட்கார்ந்து இலையைத் தின்கின்றன. பாலைவன வெட்டுக்கிளி இங்கேயும் வந்துவிட்டது, உடனே மருந்து அடியுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வருகிறது. குளோர்பைரிபாஸ் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா, அடிக்காதீர்கள். நீங்கள் பார்ப்பது எருக்கு வெட்டுக்கிளி. உடம்பில் மஞ்சள், நீலப் பட்டை இருக்கும், பின் இறக்கை சிவப்பு, பிடித்தால் ஒரு நீரைப் பீய்ச்சும், தூரமாகப் பறக்காது. பாலைவன வெட்டுக்கிளி வேறு. கூட்டமாகப் பறக்கும் பருவத்தில் முதலில் இளஞ்சிவப்பாகவும் முதிர்ந்ததும் மஞ்சளாகவும் இருக்கும், நீலப் பட்டை கிடையாது, காற்றோடு ஒரு நாளில் 150 கிலோமீட்டர் வரை போகும், ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்திலேயே 4 கோடிக்குமேல் இருக்கும். அது வந்தால் எருக்கோடு நிற்காது, கண்ணில் படும் பச்சையெல்லாம் போய்விடும்.

2020 மே மாதம் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் பக்கம் அந்தக் கூட்டம் இறங்கியபோது, உங்கள் மாவட்டத்து நேரலகிரியிலும் எருக்கில் இருந்த வெட்டுக்கிளியைப் பார்த்து ஊரே பயந்துபோனது. வேளாண்மைத் துறையினர் வந்து பார்த்து, இது அதுவல்ல என்றார்கள். இப்போதும் அதே பயம்தான்.

எருக்கு தீர்ந்துபோய் ஓரத்துக் கடலையில் ஒன்றிரண்டு ஏறினால் கையால் பொறுக்குங்கள், நிறைய இருந்தால் அந்த ஓரத்துக்கு மட்டும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு போதும். வயல் முழுக்கக் குளோர்பைரிபாஸ் அடித்தால் செலவு ஒரு பக்கம், செடியின் சாறை உறிஞ்சும் அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் சிலந்தியும் செத்துப்போகும், அப்புறம் அசுவினிக்குத் தனியாக ஒரு மருந்து வாங்கவேண்டி வரும். இதை நினைத்தால்தான் எனக்கு அந்த வீடியோ அனுப்புகிறவர்கள் மேல் கோபம் வருகிறது.

உங்கள் கவனம் இருக்கவேண்டியது சிவப்புக் கம்பளிப்புழு மேலும் புரோடீனியா என்கிற இலை தின்னும் புழு மேலும்தான். நல்ல மழை பெய்த இரண்டு மூன்று நாளில் கம்பளிப்புழுவின் தாய் அந்துப்பூச்சி மண்ணிலிருந்து வெளியே வரும், அந்த ராத்திரிகளில் விளக்குப்பொறி வையுங்கள். இலையில் முட்டைக் குவியலோ, கூட்டமாகச் சுரண்டும் குட்டிப்புழுவோ தெரிந்தால் இலையோடு கிள்ளி அழித்துவிடுங்கள், பெரிதாகிப் பரவிவிட்டால் பிடிப்பது கஷ்டம். வரப்போரம் ஆமணக்கு இருந்தால் புரோடீனியா முட்டை அதில்தான் முதலில் தெரியும், தினமும் ஒரு பார்வை பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் பூச்சியைப் படம் எடுத்து உங்கள் உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள், கிசான் கால் சென்டர் 1800-180-1551 எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.